நெஞ்சு திடீர்னு வலிச்சா இன்னா பண்றது: சக்கரை, பிரஷர், கிட்னி பிரச்சனை இருக்கறவங்க என்கிட்ட கேட்ட கேள்விங்க

நான் டாக்டர் இல்ல, நர்சும் இல்ல. குடியாத்தத்துல பிளவுஸ் தைக்கறவ. சக்கரை வந்து 16 வருஷம் ஆச்சு, கிட்னி எப்டி வேலை செய்யுதுனு காட்டற கிரியாட்டினின் 1.6ல நிக்குது, ரெண்டு வருஷம் முன்னாடி ஹார்ட் அட்டாக் வந்து அடைப்ப தொறந்து வைக்கற வலை மாதிரி குழாய், ஸ்டென்ட், ஒண்ணு வச்சிருக்கு. மாசாமாசம் சுகர் மாத்திரை வாங்க கியூவுல நிக்கறப்போ பக்கத்துல நிக்கறவங்க, துணி குடுக்க வர்றவங்க, தெரு பொம்பளைங்க எல்லாரும் ஒரே கேள்விய மாத்தி மாத்தி கேக்கறாங்க, நானும் சொன்னதையே சொல்லி வாய் வலிக்குது. அதான் கேட்டவங்க கேட்ட மாதிரியே எழுதி வச்சிட்டேன். பதில் எல்லாம் ஆஸ்பத்திரில படுத்திருந்த அஞ்சு நாளும் டூட்டி டாக்டர நச்சரிச்சி கேட்டது, அப்புறம் செக்கப்புக்கு போறப்போலாம் சீட்டுல எழுதினு போய் கேட்டது. இப்பவே யாருக்காவது நெஞ்சு வலிச்சிக்கினு இருந்தா இத படிக்க வேணாம், 108க்கு போன் போடுங்க, அப்புறமா படிச்சிக்கலாம்.

யக்கா, இது கேஸா ஹார்ட்டானு எப்டி கண்டுபுடிக்கறது?

வூட்டுல உக்காந்துக்கினு கண்டுபுடிக்க முடியாது. அவ்ளோதான் பதில். டாக்டரே இசிஜி எடுத்து, இதயத் தசை அடிபட்டா ரத்தத்துல ஏறுற ட்ரோபோனின்னு ஒண்ண பாத்துதான் சொல்றாங்க, நாம வயித்த தடவி பாத்து சொல்லிட முடியுமா?

என் கதைய கேளுங்க. ராத்திரி ஒரு மணி இருக்கும், நெஞ்சுக்கு நடுவுல ஆட்டுக்கல்ல தூக்கி வச்ச மாதிரி ஒரு பாரம். வலினு சொல்ல முடியாது. தாடை வரைக்கும் ஒரு மாதிரி இழுக்குது. அன்னிக்கி மத்தியானம் சொந்தக்காரங்க கல்யாணத்துல பிரியாணியும் எண்ண கத்திரிக்காயும் ஒரு கட்டு கட்டியிருந்தேன், அதனால கேஸுதான்னு நானே முடிவு பண்ணிட்டேன். ஜெலுசில் குடிச்சேன், ஜீரகத் தண்ணி வச்சி குடிச்சேன், எங்க வூட்டுக்காரர் எழுந்து போய் பெட்டிக்கட கதவ தட்டி கோலி சோடா வாங்கினு வந்தாரு, அதையும் குடிச்சேன். ஏப்பம் வந்துச்சு, கொஞ்சம் நல்லா இருக்கற மாதிரி கூட இருந்துச்சு பாருங்க, அதான் ஏமாத்துனது. ஏப்பம் வந்தா கேஸுனு அர்த்தம் இல்லனு பின்னாடி டாக்டர் சொன்னாரு, அட்டாக்லயும் ஏப்பம் வரும் வாந்தி வரும். அஞ்சு மணி நேரம் அப்படியே போச்சு. அந்த அஞ்சு மணி நேரத்துல செத்த இதயத் தசை திரும்ப வராது, இப்போ மாடிப்படி ஏறுனா எனக்கு மூச்சு வாங்கறது அதனாலதான்.

சக்கரை இருந்தா வலியே தெரியாதுனு சொல்றாங்களே, நெசமா?

நெசம்தான். எல்லாருக்கும் இல்ல, ஆனா நெறைய பேருக்கு. ரொம்ப வருஷமா சக்கரை இருந்தா கால் மரத்துப் போவுதுல்ல, செருப்பு கழண்டு போனாக்கூட தெரியாம நடக்கறோமே, அதே மாதிரி உள்ள இருக்கற நரம்பும் கெட்டுப் போவுது. மணி அடிக்கணும், ஆனா மணிக்கு நாக்கு இல்ல. அதனால நமக்கு வர்றது வேற மாதிரி வரும்: காரணமே இல்லாம குப்புனு வேர்க்கும், மூச்சு வாங்கும், மேல் வயிறு அடைச்ச மாதிரி இருக்கும், குமட்டும், தாடை, கழுத்து, தோள்பட்டை, இடது கை, சிலருக்கு ரெண்டு கையும், முதுகு நடுவுல கூட வலிக்கும், இல்லனா அடிச்சிப் போட்ட மாதிரி ஒரு அசதி.

பொம்பளைங்களுக்கு இந்த மாதிரி வர்றது இன்னும் ஜாஸ்தி. "பொம்பளைக்கு எங்க ஹார்ட் அட்டாக்"னு எங்க மாமியாரே சொன்னாங்க. மாதவிலக்கு நின்னதுக்கு அப்புறம் நமக்கும் ஆம்பளைங்க மாதிரிதான் ரிஸ்க் ஏறுது, சக்கரை இருந்தா அதுக்கு முன்னாடியே.

வேர்த்து கொட்டுது, படபடனு கீது. இது லோ சுகரா இருந்தா?

நல்ல கேள்வி, ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். வூட்டுல மிஷின் இருந்தா குத்தி பாருங்க, ஒரு நிமிஷ வேலை. 70க்கு கீழ இருந்தா மூணு ஸ்பூன் சக்கரை இல்லனா குளுக்கோஸ் தண்ணில கலக்கி குடிச்சிட்டு, 15 நிமிஷம் கழிச்சி திரும்ப பாருங்க. ஏறி, உடம்பும் சரியாச்சுனா சரி. சுகர் நார்மலா இருந்து வேர்வ நிக்கலனா அது சுகர் வேலை இல்ல, கிளம்புங்க.

ஆனா நெஞ்சுலயும் பாரம் இருந்தா அந்த 15 நிமிஷத்த வூட்டுல கழிக்காதீங்க, சக்கரைய வாயில போட்டுக்கினே 108க்கு பேசுங்க. மிஷின் இல்லாத வூட்டுல சந்தேகம்னா சக்கரை குடுத்துட்டு கிளம்பலாம், ஒரு தடவ ஏறுற சுகரால ஒண்ணும் ஆவாது, லோவுல வுட்டாதான் ஆபத்து. நெனவு இல்லாதவங்க வாயில மட்டும் எதையும் ஊத்தாதீங்க.

சரி, வலி வந்துடுச்சு. மொதல்ல இன்னா பண்ணணும்?

செய்யற வேலைய அப்படியே போட்டுட்டு உக்காரணும். சுவத்துல முதுகு சாஞ்சி, முட்டிய மடக்கி. படுத்தா மூச்சு வாங்குது, நின்னா மயக்கம் வருது, அதனால சாஞ்சி உக்கார்றதுதான் நல்லது. மணி பாத்து யாராவது ஒருத்தர் ஞாபகம் வச்சிக்கணும், ஆஸ்பத்திரில மொதல் கேள்வியே "எத்தன மணிக்கு ஆரம்பிச்சது"னுதான். 108. அப்புறம் வாசக் கதவ தொறந்து வச்சி, லைட்ட போட்டு, ஒருத்தர் தெருமுனைல போய் நிக்கணும், எங்க தெரு மாதிரி சந்துல வண்டிக்காரர் வூட்ட தேடியே பத்து நிமிஷம் போய்டும்.

சோடா, சுடுதண்ணி, ஈனோ, இட்லி எதுவும் வேணாம் (லோ சுகருக்கு சொன்னது மட்டும் வேற). முக்கியமா பாத்ரூம் போய்ட்டு குளிச்சிட்டு புடவ மாத்திக்கினு கிளம்பறதுனு ஒண்ணு இருக்கு பாருங்க நம்ம பொம்பளைங்க கிட்ட, அது வேணவே வேணாம். நான் அந்த நேரத்துலயும் தலை வாரிக்கினேன், சிரிப்பா இருக்கு இப்போ நெனச்சா.

108 வர லேட் ஆவும், நாமளே பைக்ல இட்டுனு போய்டலாமா?

பைக்கு கூடவே கூடாது. நம்ம பக்கம் நடுவுல நோயாளிய உக்கார வச்சி, பின்னாடி ஒருத்தர் கட்டி புடிச்சிக்கினு டிரிபிள்ஸ் போறது பழக்கமா போச்சு, வழில மயக்கம் வந்தா மூணு பேரும் விழணும். வண்டிய நோயாளியே ஓட்டறதுலாம் பேச்சே இல்ல.

108ல ஆக்சிஜன் இருக்கும், மருந்து இருக்கும், வைத்தியம் தெரிஞ்சவங்க வண்டிலயே வருவாங்க, காசும் இல்ல. போன்லயே "எவ்ளோ நேரம் ஆவும்"னு கேளுங்க, ரொம்ப நேரம்னு சொன்னா ஆட்டோ, காரு எது கெடைக்குதோ அதுல பக்கத்து ஆஸ்பத்திரிக்கு போங்க. பீஞ்சமந்தை மாதிரி மலை ஊருங்கள்ல இருக்கறவங்க வண்டிக்காக காத்துக்கினு உக்கார்றத வுட, கெடைக்கற வண்டில ஏறி வழில 108ஐ சந்திக்கற மாதிரி பேசிக்கறது நல்லதுனு எனக்கு தோணுது.

நேரா வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்ட்டா நல்லதுதானே, இங்க எதுக்கு டைம் வேஸ்ட்டு?

இதுலதான் நெறைய பேர் தப்பு பண்றாங்க. குடியாத்தத்துல இருந்து வேலூர் 30 கிலோமீட்டருக்கு மேல, பேரணாம்பட்டு ஆளுங்களுக்கு இன்னும் தூரம், அடுக்கம்பாறை மெடிக்கல் காலேஜுக்கு போவணும்னா வேலூரையும் தாண்டணும். அவ்ளோ தூரமும் ஒரு மருந்தும் இல்லாம போறதா? 108 வண்டில போனா எங்க போவணும்னு அவங்களே பாத்துப்பாங்க. சொந்தமா போறதா இருந்தா இசிஜி எடுக்கற கிட்டத்து எடம் எதுவோ, அங்க மொதல்ல. வேலூர் டவுன்லயே இருந்தா நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்டலாம், அது வேற.

நம்ம தமிழ்நாட்டுல 2023ல "இதயம் காப்போம்"னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் துணை சுகாதார நிலையத்துலயுமே மொதல் டோஸ் மாத்திரை குடுத்து அனுப்பறது. மொத்தம் 14 மாத்திரை: ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. மொத ரெண்டும் ரத்தம் மேல மேல உறையாம இருக்க, மூணாவது கொழுப்புக்கு. அது போட்டுட்டு ஏறுனா, போற வழியிலயே வைத்தியம் ஆரம்பிச்ச மாதிரி. என்ன குடுத்தாங்க, எத்தன மணிக்குனு எழுதி வாங்கிக்கோங்க, இல்லனா அடுத்த எடத்துல திரும்ப குடுத்துடுவாங்க.

இதயத்துக்கு போற ரத்தக்குழாய்ல அடைப்பு முழுசா இருந்தா ரெண்டு வழி. ஒண்ணு உடனே ஆஞ்சியோ (ரத்தக்குழாய்க்குள்ள சின்ன டியூப் வுட்டு அடைப்ப பாக்கறது) பண்ணி பலூன் வச்சி தொறக்கறது. ரெண்டு மணி நேரத்துக்குள்ள அது நடக்காதுனு தெரிஞ்சா ரத்தக்கட்டிய கரைக்கற ஊசி போட்டுட்டு அப்புறம் பெரிய எடத்துக்கு அனுப்பறது. ஊசிக்கு 12 மணி நேரம் வரைக்கும் கணக்கு, ஆனா மொதல் ரெண்டு மூணு மணி நேரத்துல போட்டாதான் அது நல்லா வேலை செய்யும். அதனால "பக்கத்து ஆஸ்பத்திரில ஊசி போட்டாங்க, நேரா அனுப்பல"னு சண்டை போடாதீங்க.

ஆஸ்பிரின் மெல்லணும்னு வாட்சப்ல வந்துச்சு, வூட்டுலயே போட்டுக்கலாமா?

300 மில்லிகிராம் அளவு, மென்னு முழுங்கணும், அது உண்மைதான். முழுசா முழுங்குனா வேலை செய்ய நேரம் ஆவும். ஆனா யாருக்கு வேணாம்னு வாட்சப்ல வர்றதில்ல. ஆஸ்பிரின் ஒத்துக்காதவங்க, வயித்துப்புண்ணுல ரத்தம் வந்தவங்க, மூளைல ரத்தக்கசிவு வந்தவங்க, வால்வு ஆபரேஷன் பண்ணி ரத்தம் உறையாம இருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடறவங்க, டெங்கு காய்ச்சல்ல இருக்கறவங்க எல்லாம் டாக்டர கேக்காம தொடக்கூடாது. அடுத்த செக்கப்புல "எனக்கு நெஞ்சு வலி வந்தா ஆஸ்பிரின் போடலாமா"னு கேட்டு சீட்டுலயே எழுதி வாங்கிடுங்க. கேக்காத பட்சத்துல 108ல பேசறவங்க கிட்ட கேளுங்க. நெஞ்ச கிழிக்கற மாதிரி வலி முதுகுக்கு பாயுதுனா அதையும் அப்பவே சொல்லுங்க, அது பெரிய ரத்தக்குழாய் கிழிஞ்சதா இருக்கலாம், அதுல ஆஸ்பிரின் ஆகாது.

எங்க மாமா நாக்குக்கு அடியில வைக்கற மாத்திரை வச்சிருக்காரு, அதுல ஒண்ணு எனக்கு வச்சா போதுமா?

அவரு மாத்திரை அவருக்கு. சார்பிட்ரேட் வச்சா பிரஷர் மடார்னு எறங்கும், ஏற்கனவே பிரஷர் கம்மியா இருக்கறவங்க அப்படியே சாஞ்சிடுவாங்க. சில வகை அட்டாக்ல அது கெடுதலே பண்ணும். உங்களுக்குனு டாக்டர் எழுதி குடுத்திருந்தா உக்காந்துக்கினு வைங்க, நின்னுக்கினு வேணாம்.

ஆம்பளைங்களுக்கு ஒண்ணு, கூச்சப்படாம படிங்க: வயாகரா மாதிரி மாத்திரை போட்டிருந்தா ஒரு நாளு, டடாலஃபில் வகையா இருந்தா ரெண்டு நாளு, இத வைக்கவே கூடாது. பொண்டாட்டி புள்ளைங்கள வெளிய அனுப்பிட்டாவது டாக்டர் கிட்ட உண்மைய சொல்லிடுங்க.

இசிஜி நார்மல்னு சொல்லி அனுப்பிட்டாங்க, ஆனா வலி போகல. இப்போ?

எனக்கு நடந்ததே இதுதான். விடியக்காத்தால ஒரு சின்ன ஆஸ்பத்திரி, பேரு வேணாம், ஒரே ஒரு இசிஜி எடுத்தாங்க, "நார்மல்மா, கேஸு"னு ஒரு ஊசிய போட்டு அனுப்பிட்டாங்க. எனக்கு 14 வருஷ சக்கரை அப்போ, அத அவங்க கேக்கவும் இல்ல, நானும் சொல்லல. ஆறரை மணிக்கு வூட்டு வாசல்லயே வாந்தி எடுத்தேன். எம்பொண்ணுதான் ஒத்த கால்ல நின்னு வேலூருக்கு இட்டுனு போனா, அங்க ரெண்டாவது இசிஜில தெரிஞ்சிடுச்சு.

ஒரு இசிஜிங்கறது அந்த நிமிஷத்து போட்டோ, அவ்ளோதான். ஆரம்பத்துல நார்மலா இருந்துட்டு அப்புறம் மாறும். ட்ரோபோனினும் வலி வந்த உடனே ஏறாது, அதனாலதான் ரெண்டாவது தடவ சில மணி நேரம் கழிச்சி பாக்கறாங்க. அதனால மூணு விஷயம் வாய் தொறந்து சொல்லுங்க: "எனக்கு இத்தன வருஷமா சக்கரை", "வலி இன்னும் போகல", "திரும்ப ஒரு இசிஜியும் ட்ரோபோனினும் பாப்பீங்களா". பழைய இசிஜிய போன்ல போட்டோ புடிச்சி வச்சிக்கினா ஒப்பிட்டு பாக்க அவங்களுக்கே வசதி. மரியாதையா கேட்டா யாரும் கோச்சிக்கறதில்ல, கோச்சிக்கினாலும் பரவால்ல.

கை வச்சி அமுத்துனா வலிக்குது, அப்போ அது சதை வலிதானே?

பெரும்பாலும் சதையோ, நெஞ்செலும்பு சேர்ற எடமோதான். ஆனா அமுத்துனா வலிக்குதுங்கறதுக்காக மட்டும் ஹார்ட் இல்லனு சொல்லிட முடியாது, கூட வேர்வையோ மூச்சு வாங்கறதோ இருந்தா முன்னாடி சொன்னதுதான், கிளம்பணும். சக்கரைக்காரங்களுக்கு அக்கியும் ஜாஸ்தி வரும், கொப்புளம் வர்றதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே ஒரு பக்கமா பெல்ட்டு கட்டுன மாதிரி எரிச்சல் வலி வரும், சீக்கிரம் மருந்து ஆரம்பிக்கணும், செம்மண் தடவிக்கினு உக்காராதீங்க.

இன்னொண்ணு, ஆபரேஷனோ கால் எலும்பு முறிவோ ஆகி ரொம்ப நாள் படுத்திருந்தவங்களுக்கு ஒரு கெண்டக்கால் மட்டும் வீங்கி, திடீர்னு மூச்சு இழுக்கறப்போ குத்துற வலி வந்தா அது நுரையீரல்ல ரத்தக்கட்டி அடைச்சதா இருக்கலாம். அதுக்கும் 108க்குதான் போன் போடணும்.

ரெண்டு நாளா லைட்டா வலி, ஒரு வலி மாத்திரை போட்டுக்கலாமா?

மெடிக்கல்ல கலர் கலரா சேத்து குடுக்கற செட்டு மாத்திரைதானே? வேணாம். அதுல இருக்கற டைக்ளோஃபெனாக், புரூஃபென் எல்லாம் கிட்னிக்கும் ஆகாது ஹார்ட்டுக்கும் ஆகாது. அதோட வலி மறைஞ்சிடுச்சுனா நாம போகவே மாட்டோம். நடக்கறப்போ வந்து நின்னா போவுதுனா, அது லைட்டா இருந்தாலும் அன்னிக்கே காட்டணும்.

எங்க அண்ணனுக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ், மிஷின்ல இருக்கறப்போவே நெஞ்சு வலிக்குதுன்றாரு, முடியட்டும்னு பொறுத்துக்கலாமா?

பொறுக்கவே கூடாது, அந்த நிமிஷமே டெக்னீசியன் கிட்ட சொல்லணும். தண்ணி வேகமா எடுக்கறாங்க, பிரஷர் எறங்குது, ஏற்கனவே அடைப்பு இருக்கற இதயத்துக்கு ரத்தம் பத்தாம போவுது. அவங்க வேகத்த கொறைப்பாங்க, இசிஜி எடுப்பாங்க. ரெண்டு நாள் இடைவெளி விழற வாரக்கடைசி முடிஞ்சதும் இன்னும் உஷாரா இருக்கணும், தண்ணியும் பொட்டாசியமும் ஏறியிருக்கும். "ஒரு எளநிதானே, வெயிலுக்கு நல்லது"னு குடிச்சிடாதீங்க, பொட்டாசியம் ஏறுனா இதயத் துடிப்பே தடுமாறும்.

டயாலிசிஸ் தவறவுட்டவங்களுக்கு இதயத்த சுத்தி இருக்கற உறை வீங்கி வலி வரும், படுத்தா ஜாஸ்தியாவும், முன்னாடி குனிஞ்சி உக்காந்தா கொறையும். எந்த ஆஸ்பத்திரிக்கு போனாலும் ஃபிஸ்டுலா கைல (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய சேத்து வச்சிருக்கற கை) பிரஷர் பாக்க, ஊசி போட, ஆஞ்சியோ பண்ண வுடாதீங்க, சொன்னாதான் அவங்களுக்கு தெரியும்.

ஆஞ்சியோ பண்ணா கிட்னி போய்டும்னு பயமுறுத்தறாங்களே?

பயம் சும்மா இல்ல, ரத்தக்குழாய் படத்துல தெரியறதுக்கு போடற டை மருந்து கிட்னிய பாதிக்கலாம்தான். ஆனா பெரிய அட்டாக்ல இதயம் படுத்துச்சுனா கிட்னிக்கும் ரத்தம் போகாது, அத யோசிங்க. எனக்கு 1.6னு தெரிஞ்சதும் டையை முடிஞ்ச வரைக்கும் கம்மியா போட்டாங்க, மூணு நாள் கிரியாட்டினின் பாத்துக்கினே இருந்தாங்க, கொஞ்சம் ஏறி எறங்கிடுச்சு. மெட்ஃபார்மின்னு சுகர் மாத்திரை சாப்பிடறீங்கனா கட்டாயம் சொல்லணும், ரெண்டு நாள் நிறுத்தச் சொல்லலாம். இன்சுலின் போட்டுட்டு பட்டினியா போய் டேபிள்ல படுத்தா லோ ஆயிடும், எப்போ போட்டீங்கனும் சொல்லிடுங்க.

வேகமா இருமுனா அட்டாக் நின்னுடுமாமே?

நிக்காது. அதுக்கு இருமற நேரத்துல போன் போடுங்க.

மயங்கி விழுந்து மூச்சு பேச்சு இல்லனா?

தட்டி கூப்பிட்டு பாருங்க. பதில் இல்ல, மூச்சும் சரியா இல்லனா, கட்டில்ல இருந்து தரைல எறக்கி நெஞ்சுக்கு நடுவுல ரெண்டு கையும் சேத்து வச்சி, முழங்கைய நேரா வச்சி, 5 சென்டிமீட்டர் எறங்கற மாதிரி அழுத்தணும், நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தடவ. 108ல ஸ்பீக்கர் போட்டா அவங்களே சொல்லிக் குடுப்பாங்க. எலும்பு ஒடைஞ்சிடுமோனு பாக்காதீங்க. கைல இரும்பு சாவி குடுக்கறது, மொகத்துல தண்ணி தெளிச்சிக்கினு நிக்கறதுலாம் நேரம் போற வேலை.

செலவுக்கு பயந்துதான்க்கா போகாம இருக்கோம், எவ்ளோ ஆவும்?

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கு, வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும். ஸ்டென்ட் அதுல வருது, சில தனியார் ஆஸ்பத்திரிலயும் எடுத்துக்கறாங்க. அட்டாக் வந்த அன்னிக்கி கார்டுக்கு அலையறதுதான் கொடுமை, எங்க வூட்டுக்காரர் அலைஞ்சாரு. இன்னிக்கே வாங்கி வைங்க. நான் ஒரு பிளாஸ்டிக் கவர்ல கார்டு, ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், மாத்திரை லிஸ்ட், கடைசி இசிஜி எல்லாம் போட்டு தையல் மிஷினுக்கு பக்கத்துல ஆணில மாட்டி வச்சிருக்கேன். பல்லு புடுங்கப் போனாலும் அந்த கவரோடதான் போவேன், ஸ்டென்ட் வச்சவங்க ரத்தம் உறையாம இருக்கற மாத்திரைய ஹார்ட் டாக்டர கேக்காம ஒரு நாள் கூட நிறுத்தக் கூடாது.

ஸ்டென்ட் வச்சாச்சு, இப்போ கொட்டாவி வுட்டாக்கூட நெஞ்சு வலியோனு பயமா கீது, இது எப்போ போவும்?

எனக்கு எட்டு மாசம் ஆச்சு. கெங்கையம்மன் சிரசு திருவிழா அன்னிக்கி கூட்டத்துல, அந்த வைகாசி வெயில்ல, கையெல்லாம் சில்லுனு ஆகி மூச்சே வரல, செத்தேன்னு நெனச்சேன். போய் ரெண்டு இசிஜி, ரெண்டு ட்ரோபோனின், எல்லாம் சரியா இருந்துச்சு, டாக்டர் அது பயத்துல வந்த படபடப்புனாரு. அப்போ எனக்கு கோவம் வந்துச்சு, நடிக்கறேன்றாரானு. இல்ல, பயத்துலயும் நெஞ்சு நெசமாவே வலிக்கும், அதுக்கும் வைத்தியம் இருக்கு, சொல்லி கேட்டுக்கோங்க. ஆனா பயமா அட்டாக்கானு பிரிக்கற வேலைய மொதல் கேள்வில சொன்ன மாதிரி நீங்க எடுத்துக்காதீங்க.

ராத்திரி எல்லாரையும் எழுப்பி போய், ஒண்ணுமில்லனு ஆயிட்டா அசிங்கமா இருக்காதா?

மூணு தடவ போயிருக்கேன் அதுக்கப்புறம். திருவிழா ஒண்ணு, நெஞ்செரிச்சல் ஒண்ணு, இன்னொண்ணு அவங்களே தெரியலனு ஒரு நாள் வச்சி பாத்துட்டு அனுப்புனாங்க. கடைசி தடவ வெளிய வர்றப்போ விடிஞ்சிடுச்சு, எங்க வூட்டுக்காரர் கிட்ட "உன் தூக்கமும் போச்சு, ஒரு நாள் கூலியும் போச்சு"ன்னேன். அவரு ஒண்ணும் சொல்லல, ஆஸ்பத்திரி எதிர்ல கடைல ரெண்டு டீ சொல்லி, எனக்கு மட்டும் "சக்கரை இல்லாம"னு கத்துனாரு.